அறிக்கையில் ஐந்து மருந்துப் பெயர். அப்பா சாப்பிட்டது எத்தனை மாத்திரை?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு வயது 59. புதுக்கோட்டைப் பக்கம் கிராமத்து வீட்டில் இருந்தார். என் பிரசவத்துக்காக அம்மா கோயம்புத்தூர் வந்திருந்தபோது, சித்திரை வெயிலில், தனியாக இருந்த அப்பா இறந்துவிட்டார். மூன்றாம் நாள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பார்த்தார்கள். சந்தேக மரணம் என்று வழக்குப் பதிந்து பிரேதப் பரிசோதனை நடந்தது. இப்போது வந்திருக்கும் ரசாயனப் பரிசோதனை அறிக்கையில் கல்லீரல், இரைப்பை, குடல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் டையசிபம், நார்டையசிபம், ஆக்சசிபம், அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் கண்டறியப்பட்டதாகவும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 46 மில்லிகிராம் எத்தில் ஆல்கஹால் இருப்பதாகவும் போட்டிருக்கிறது. அப்பா 14 வருடமாகச் சர்க்கரை நோயாளி. பாத எரிச்சலுக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, இரண்டையும் பல வருடமாக இரவில் சாப்பிட்டு வந்தார். கடைசி ஒன்றரை மாதமாகப் படர்தாமரைக்கும் ஏதோ மாத்திரை. குடிப்பழக்கம் கிடையவே கிடையாது. சித்தப்பா, "அஞ்சு வகை மாத்திரையை அள்ளிப் போட்டு, மேலே சாராயத்தையும் குடிச்சிருக்கான்" என்று ஊரெல்லாம் சொல்கிறார். இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது, அவர்களும் இழுக்கிறார்கள். அம்மா இடிந்துபோய்க் கிடக்கிறார். இந்த அறிக்கையை நாங்கள் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் நிதானமாகப் படியுங்கள். அறிக்கையில் இருக்கிற ஐந்து மருந்துப் பெயர்களும் அப்பா வழக்கமாகச் சாப்பிட்டுவந்த அந்த இரண்டே மாத்திரைகளிலிருந்து வந்திருக்க முடியும். ஐந்து வகை மாத்திரை சாப்பிட்டார் என்பதற்கு அந்தக் காகிதத்தில் ஆதாரம் இல்லை. ஆல்கஹால் விஷயமும் உங்கள் சித்தப்பா நினைக்கிற அளவுக்குச் சுலபமானது இல்லை. மூன்றாம் நாள் கிடைத்த ஓர் உடலில், அதுவும் சித்திரை மாதத்தில், அதுவும் சர்க்கரை நோயாளியிடம், 46 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இவர் குடித்திருந்தார் என்று பொறுப்பான நச்சியல்காரர் யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்பா அளவுக்கு மீறிச் சாப்பிடவே இல்லை என்றும் இந்த அறிக்கையை வைத்து என்னால் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு அது பதிலே சொல்லவில்லை, ஏனென்றால் ஆல்கஹாலைத் தவிர வேறு எதற்கும் அதில் அளவு இல்லை. நான் அரசுத் தடய அறிவியல் ஆய்வகத்தில் நச்சியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வந்து குவிகிற உறுப்பு ஜாடிகளுக்கு நடுவே, அளவு பார்க்காமல் "கண்டறியப்பட்டது" என்று மட்டும் எழுதி அனுப்புவது நம் ஊரில் சாதாரணமாக நடப்பதுதான். அந்தச் சொல்லின் எல்லை எதுவரை என்று எழுதுகிறவருக்குத் தெரியும், வாசிக்கிற குடும்பத்துக்கும் சித்தப்பாக்களுக்கும் தெரியாது, வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, இரண்டு மாத்திரை எப்படி ஐந்து பெயர் ஆயிற்று என்று பார்ப்போம்.

விழுங்கிய மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டதும் நேரே உடம்பெல்லாம் பரவிவிடுவதில்லை. இரைப்பையிலிருந்தும் குடலிலிருந்தும் வருகிற ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் போய், அதைக் கடந்துதான் இதயத்துக்கு வரும். பெரும்பாலான மருந்துகள் கொழுப்பில் கரையும் சுபாவம் உள்ளவை. அப்படியே விட்டால் சிறுநீரகம் வடிகட்டியதை மறுபடியும் ரத்தமே இழுத்துக்கொள்ளும், உடம்பைவிட்டு லேசில் போகாது. அதனால் கல்லீரல் அவற்றை நீரில் கரைகிற வடிவத்துக்கு மாற்றுகிறது. முதல் கட்டத்தில் சைட்டோக்ரோம் பி450 என்கிற நொதிக் குடும்பம் மருந்து மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கும், அல்லது ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றும். அடுத்த கட்டத்தில் வேறு நொதிகள் குளுகுரோனிக் அமிலம், சல்ஃபேட் மாதிரி நீரில் நன்றாகக் கரையும் ஒன்றை அதில் ஒட்டிவிடும். அப்புறம் அது சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேறும். இப்படி மாறிய வடிவங்களைத்தான் வளர்சிதைப் பொருட்கள் என்கிறோம்.

மாற்றினாலே மருந்து செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மாறிய பொருளும் அசல் மாதிரியே வேலை செய்யலாம், சில நேரம் அசலைவிட மோசமாகவும் இருக்கலாம். மெத்தனால் கலந்த சாராயத்தில் நடப்பது அதுதான். மெத்தனாலைவிட, கல்லீரல் அதிலிருந்து உண்டாக்குகிற ஃபார்மிக் அமிலம்தான் கண்ணைப் பறித்து உயிரையும் வாங்குகிறது. குடித்துப் பல மணி நேரம் கழித்து ஆட்கள் விழுவதற்கும் இந்த மாற்றத்துக்குப் பிடிக்கிற நேரமே காரணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது இந்த வேதியியலில்தான்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். தூக்க மாத்திரை டையசிபமாகத்தான் இருக்க வேண்டும். டையசிபத்தில் ஒரு மெத்திலைக் கழற்றினால் நார்டையசிபம், அதில் ஒரு ஹைட்ராக்சில் சேர்த்தால் ஆக்சசிபம். பாத எரிச்சலுக்குக் கொடுத்தது அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கு வந்த மருந்து, இப்போது சர்க்கரை நோயாளிகளின் நரம்பு எரிச்சலுக்குக் குறைந்த அளவில் நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். அதில் ஒரு மெத்திலைக் கழற்றினால் நார்ட்ரிப்டிலின். ஆக ஐந்தில் மூன்று பெயர்கள் கல்லீரல் தயாரித்தவை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஆக்சசிபமும் நார்ட்ரிப்டிலினும் கடையில் தனி மருந்தாகவும் விற்கிற சரக்கு. யாராவது இணையத்தில் ஒவ்வொரு பெயராகப் போட்டுத் தேடினால் தனித்தனி மாத்திரைப் படங்கள்தான் வரும், உங்கள் சித்தப்பா கணக்கும் அப்படிப் பிறந்திருக்கும்.

ஒரே பெயர் பல வழியில் உடம்புக்குள் வரலாம் என்பது நச்சியலில் அன்றாடத் தலைவலி. சிறுநீரில் மார்ஃபின் இருந்தால் ஹெராயினாக இருக்கலாம், டாக்டர் கொடுத்த மார்ஃபினாக இருக்கலாம், இருமல் மருந்திலிருந்த கோடீனாக இருக்கலாம் (கோடீனின் ஒரு பகுதியைக் கல்லீரல் மார்ஃபினாக மாற்றும்), குருமாவில் தாராளமாக அரைத்துவிட்ட கசகசாவாகக்கூட இருக்கலாம். அமெரிக்காவில் அரசு ஊழியர் சிறுநீர்ச் சோதனையில் இந்தக் கசகசாத் தொல்லையால்தான் 1998-ல் ஓப்பியேட் (அபின் வகைப் பொருட்கள்) வரம்பை ஒரு மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தினார்கள். ஹெராயின்தான் என்று உறுதியாகச் சொல்ல 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்கிற இடைப்பொருள் கிடைக்க வேண்டும். அது சீக்கிரமே மறைந்துவிடும்.

இறந்தவர்மேல் ஒரு பழக்கத்தை ஏற்றிவிடுவது எவ்வளவு வசதியானது என்பதற்கு இங்கிலாந்தில் ஹரால்டு ஷிப்மன் கதை இருக்கிறது. தன் நோயாளிகளை டையமார்ஃபின் (ஹெராயினுக்கு மருத்துவப் பெயர், உடம்பில் மார்ஃபினாக மாறும்) ஊசி போட்டுக் கொன்ற டாக்டர். 1998 ஜூனில் இறந்த கேத்லீன் கிரண்டி என்ற 81 வயது அம்மாளின் உடலைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது மார்ஃபின் இருந்தது. அவருடைய மருத்துவக் குறிப்பில், இந்த வயதில் போதைப் பழக்கமோ, கோடீனோ என்று சந்தேகப்படுகிற மாதிரி ஷிப்மன் முன்தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பு உண்மையில் எப்போது ஏற்றப்பட்டது என்று காட்டிக்கொடுத்துவிட்டது. உங்கள் வீட்டில் கொலையாளி யாரும் இல்லை, நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ஒரு பெயர் வந்தால் அதைச் சுற்றி என்ன கதை வேண்டுமானாலும் கட்டலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான இடம்: அளவு. அசல் மருந்து எவ்வளவு, கல்லீரல் மாற்றியது எவ்வளவு என்ற விகிதம் தெரிந்தால் நிறையச் சொல்லலாம். ஒருவர் ஒரே நேரத்தில் கைநிறைய டையசிபம் விழுங்கிச் சில மணி நேரத்தில் இறந்தால், கல்லீரலுக்கு வேலை செய்ய அவகாசமே இருந்திருக்காது. டையசிபம் மிக அதிகமாகவும் நார்டையசிபம் கொஞ்சமாகவும் இருக்கும். தினமும் இரவில் ஒன்று என்று வருடக்கணக்கில் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் நார்டையசிபம் சேர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் அது டையசிபத்தைவிட மெதுவாகத்தான் வெளியேறும். அவரிடம் இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ, நார்டையசிபம் கூடுதலாகவோ இருக்கும். அமிட்ரிப்டிலினுக்கும் நார்ட்ரிப்டிலினுக்கும் இதே கணக்குப் பொருந்தும். சொல்லப்போனால் வளர்சிதைப் பொருட்கள் இத்தனை கிடைத்திருப்பதே, மருந்து உயிருள்ள கல்லீரலில் கொஞ்ச நேரமாவது இருந்திருக்கிறது என்றுதான் காட்டுகிறது. ஆனால் பல வருடமாகத் தினமும் சாப்பிட்டவரிடம் அவை எப்படியும் இருக்கும், அன்றைக்கு இரவு அவர் பத்து மாத்திரை சேர்த்து விழுங்கியிருந்தாலும் இருக்கும். அதனால்தான் "கண்டறியப்பட்டது" என்பது இங்கே ஒன்றுக்கும் உதவாத சொல். டையசிபம் தனியாக ஆளைக் கொல்வது அரிது என்பதால் அதை ஒரு பக்கம் வைத்துவிடலாம். நான் அளவு கேட்பது அமிட்ரிப்டிலினுக்கு. அது இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைக்கிற மருந்து, கூடினால் ஆபத்து.

இரைப்பையிலும் மருந்து இருந்தது என்பதைச் சித்தப்பா பெரிதாகப் பிடித்துக்கொள்வார், "வயித்துலயே இருந்துச்சாமே" என்று. அமிட்ரிப்டிலின் காரத்தன்மை உள்ள மருந்து. அப்படிப்பட்டவை ரத்தத்திலிருந்து அமிலம் நிறைந்த இரைப்பை நீருக்குள் திரும்பக் கசிந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும், முந்தின நாள் சாப்பிட்டிருந்தால்கூடக் கொஞ்சம் இருக்கும். இரைப்பையில் மொத்தம் எத்தனை மில்லிகிராம், கரையாத மாத்திரைத் துணுக்கு எதுவும் தெரிந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். கரையாமல் ஒரு குவியலாக இருந்திருந்தால் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரே இரைப்பையைத் திறந்தபோது எழுதியிருப்பார், அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

கல்லீரலை ஏன் விழுந்து விழுந்து சோதிக்கிறார்கள் என்று கேட்டால், அது பெரியது, மருந்து அங்கே செறிவாக இருக்கும், ரத்தம் உறைந்தோ அழுகியோ கிடைக்காமல் போனாலும் கல்லீரல் கிடைக்கும். பழைய வழக்கமும்கூட. மதராஸ் மாகாணத்தில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியது 1849-ல். அதற்கு அடுத்த வருடம் பெல்ஜியத்தில் ஒரு பிரபு தன் மைத்துனரை நிக்கோட்டின் கொடுத்துக் கொன்றபோது, ழான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் உறுப்புகளிலிருந்து அந்தத் தாவர நஞ்சைப் பிரித்தெடுத்துக் காட்டி அதற்கான வழியையே திறந்துவைத்தார். இன்றைக்கும் நம் ஊர் பிணவறையில் இரைப்பை ஒரு ஜாடி, கல்லீரலில் ஒரு பெரிய துண்டும் சிறுநீரகமும் இன்னொரு ஜாடி, செறிந்த உப்புக் கரைசல் ஊற்றி மூடி சீல் வைத்து அனுப்புகிறார்கள்.

ஆனால் கல்லீரலும் ஏமாற்றும். இறந்த பிறகு செல் சவ்வுகள் உடையும்போது, கல்லீரலிலும் நுரையீரலிலும் தேங்கியிருந்த மருந்து பக்கத்திலிருக்கிற இதய ரத்தத்துக்குள் கசியும். அமிட்ரிப்டிலின் இந்த விஷயத்தில் பேர்போனது. உயிரோடு இருந்தபோது சாதாரண அளவில் இருந்தது, இரண்டு நாள் கழித்து இதயத்திலிருந்து எடுத்த ரத்தத்தில் பல மடங்காகத் தெரியும். அதைப் பாடப்புத்தக அட்டவணையோடு ஒப்பிட்டு "உயிர்க்கொல்லி அளவு" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. அதற்காகத்தான் தொடைச் சிரையிலிருந்து ரத்தம் எடுக்கச் சொல்வது. கல்லீரலில்கூட இரைப்பைக்கு ஒட்டியிருக்கிற இடது மடலை விட்டுவிட்டு வலது மடலின் உட்பகுதியிலிருந்து வெட்டச் சொல்வார்கள், இரைப்பையில் மிச்சம் இருப்பது இடது மடலுக்குள் ஊறிவிடும் என்பதால். எங்கிருந்து எடுத்த ரத்தம் என்று உங்கள் அறிக்கையில் இல்லை. அதை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. படர்தாமரைக்கு ஒன்றரை மாதமாக ஏதோ மாத்திரை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். இப்போது படர்தாமரைக்கு வாரக்கணக்கில் எழுதிக்கொடுக்கிற மாத்திரைகளில் ஒன்று டெர்பினஃபின், இன்னொன்று இட்ராகோனசோல். அப்பா சாப்பிட்டது டெர்பினஃபினாக இருந்தால், அது கல்லீரலில் சிஒய்பி 2டி6 என்ற நொதியை (முன்னே சொன்ன சைட்டோக்ரோம் பி450 குடும்பத்தில் ஒன்று) நன்றாக முடக்கும். அமிட்ரிப்டிலினையும் நார்ட்ரிப்டிலினையும் கழித்துக்கட்டுவதில் பெரும்பங்கு அந்த நொதிக்குத்தான். ரேஷன் கடையில் ஒரே தராசு, அதை முன்னால் நிற்கிறவர் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றால் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போகுமே, அந்த மாதிரி, தினமும் அதே ஒரு மாத்திரையைச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். டெர்பினஃபினை நிறுத்தினாலும் இந்த முடக்கம் உடனே விலகாது, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இந்த இரண்டும் சேர்ந்து நச்சாகிப் போன நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. இட்ராகோனசோல் என்றால் அது வேறொரு நொதியை, 3ஏ4 என்பதை, முடக்கும். டையசிபத்தின் வெளியேற்றம் கொஞ்சம் தாமதப்படும். ஃப்ளூகோனசோல் என்றால் 3ஏ4, 2சி19 இரண்டையும் பாதிக்கும், டையசிபம் நன்றாகவே ஏறும்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கதி உண்டு. அமிட்ரிப்டிலினில் மெத்திலைக் கழற்றுவதும், டையசிபத்தில் கழற்றுவதில் ஒரு பங்கும் 2சி19 என்ற நொதியின் வேலை. அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாதவர்கள் ஐரோப்பியர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். புதுச்சேரி ஜிப்மரில் தமிழர்களிடம் செய்த ஆய்வுகளில் பத்துக்கு ஒருவருக்கு மேல் அப்படி இருக்கிறார்கள். உங்கள் அப்பா அந்த வகையா என்று யாருக்கும் தெரியாது. அப்படி இருந்து, 2டி6-ஐயும் டெர்பினஃபின் முடக்கியிருந்தால், அமிட்ரிப்டிலின் வெளியேற இருந்த இரண்டு பெரிய வழிகளும் ஒரே நேரத்தில் அடைபட்டிருக்கும். சர்க்கரை நோயாளிகளில் நிறையப் பேருக்குக் கொழுப்புக் கல்லீரலும் இருக்கும். அது சுருங்கி இறுகிய நிலைக்குப் போயிருந்தால் டையசிபம் வெளியேற இரண்டு மடங்கோ அதற்கு மேலோ நேரம் பிடிக்கும். அப்பாவின் பழைய கல்லீரல் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாராவது சொன்னால், அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லுங்கள். 2000-ல் மருத்துவ இதழில் வந்தது. 9 வயதுப் பையன், தத்துப்பிள்ளை, ஃப்ளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து உள்பட சில மருந்துகள் டாக்டர் சொல்லிச் சாப்பிட்டு வந்தவன், இறந்துபோனான். பிரேதப் பரிசோதனையில் ஃப்ளுவாக்செட்டினும் அதன் வளர்சிதைப் பொருளான நார்ஃப்ளுவாக்செட்டினும் பயங்கர உயரத்தில் இருந்தன. வளர்ப்புப் பெற்றோர்தான் வேண்டுமென்றே கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று விசாரணை அவர்கள்மேல் திரும்பியது. பிறகு பையனின் மரபணுவைப் பார்த்தார்கள். அவனுக்கு 2டி6 நொதி சரியாக வேலை செய்யாத பிறவிக் குறை. மாதக்கணக்கில் உள்ளே போனது வெளியேறாமல் சேர்ந்திருக்கிறது. விசாரணையைக் கைவிட்டார்கள். அந்தப் பெற்றோர் அதுவரை எதையெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் இறந்தவருக்கு இந்த மாதிரி மரபணுச் சோதனை வழக்கமாகச் செய்வதில்லை, செய்யக் கூடாது என்றும் இல்லை.

ஆல்கஹாலுக்கு வருகிறேன். உடல் அழுகத் தொடங்கும்போது குடலிலிருந்து பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ரத்தக்குழாய்கள் வழியாகப் பரவி, உடம்பிலிருக்கும் குளுக்கோஸைப் புளிக்கவைத்து எத்தில் ஆல்கஹாலை உண்டாக்கும். கடையில் விற்கிற அதே ஆல்கஹால்தான், வேதியியலில் ஒரு வித்தியாசமும் கிடையாது. வெயில் கூடினால் வேகம் கூடும். சர்க்கரை நோயாளியிடம் புளிக்க மூலப்பொருளும் கூடுதல். 46 என்பது இப்படிச் சாதாரணமாக உண்டாகிற அளவுக்குள்தான் வரும், சில உடல்களில் 100-ஐத் தாண்டியும் பார்க்கலாம். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு, அதைவிட அதிகமாயிற்றே என்று யாராவது கேட்டால், அது உயிரோடு ஊதுகிறவருக்கு வைத்த வரம்பு என்று சொல்லுங்கள். ரத்தத்தை எடுத்த பாட்டிலில் கிருமிகளைத் தடுக்கிற சோடியம் ஃப்ளுவோரைடு போடாமல் விட்டிருந்தால் பாட்டிலுக்குள்ளேயேகூட ஆல்கஹால் ஊறியிருக்கும்.

உண்மையிலேயே குடித்தாரா என்று பார்க்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் திரவம். அழுகல் அங்கே தாமதமாகத்தான் போகும், அதனால் ரத்தத்தில் ஆல்கஹால் இருந்து அங்கே இல்லை என்றால் பெரும்பாலும் இறந்த பிறகு உண்டானதுதான். இன்னொன்று கல்லீரல் சம்பந்தப்பட்டது, எனக்குப் பிடித்ததும்கூட. உயிரோடு இருக்கிறவர் குடித்தால் கல்லீரல் அந்த ஆல்கஹாலில் மிகச் சிறு பங்கை எத்தில் குளுகுரோனைடு, எத்தில் சல்ஃபேட் என்ற இரண்டு பொருட்களாக மாற்றும். பிணத்தில் புளித்து வந்த ஆல்கஹாலில் இவை வராது, ஒட்டிவிடுகிற வேலையை உயிருள்ள கல்லீரல்தான் செய்யும். குளுகுரோனைடைச் சில பாக்டீரியாக்கள் தின்று அழித்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், சல்ஃபேட் கொஞ்சம் நின்று பேசும். சிறுநீர் எடுத்து வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். எல்லா ஆய்வகத்திலும் இந்தச் சோதனை கிடையாது, இருந்தாலும் கேட்காமல் தானாகச் செய்ய மாட்டார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது. ஆய்வக அறிக்கை மரணக் காரணம் சொல்வதில்லை, அதைச் சொல்ல வேண்டியவர் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். அறிக்கை வரும்வரை அவர் கருத்தை நிறுத்தி வைத்திருப்பார், இனிமேல்தான் இறுதிக் கருத்து எழுதுவார். அதற்கு முன்னால் நீங்கள் அவரையும் வழக்கை விசாரிக்கிற அதிகாரியையும் பார்த்து, அப்பா சாப்பிட்ட மருந்துகளின் முழு விவரத்தை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பல டாக்டர்களுக்கு இந்த விவரம் போய்ச் சேருவதே இல்லை. போலீஸ் அனுப்புகிற படிவத்தில் "விஷம் அருந்தியிருக்கலாம் எனச் சந்தேகம்" என்று ஒரு வரிதான் இருக்கும், அதை வைத்து அவர் என்ன செய்வார். அந்த மனுவிலேயே, அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டையசிபம், நார்டையசிபம் நான்குக்கும் அளவு பார்க்க முடியுமா, மிச்ச மாதிரிகள் ஆய்வகத்தில் இருக்கின்றனவா, அழிக்காமல் வைக்கச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். இது விசாரணை அதிகாரி மூலமாகவோ நீதிமன்றம் மூலமாகவோ போக வேண்டிய கோரிக்கை, நீங்கள் நேரே ஆய்வகத்துக்குப் போய் நின்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் தொடையிலிருந்தா இதயத்திலிருந்தா என்பதையும், இதயத்தைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். 14 வருடச் சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம், மருந்துப் பெயர்களைக் கண்ட அவசரத்தில் எல்லோரும் அதை மறந்துவிடக்கூடும்.

இன்ஷூரன்ஸுக்கு நான் வக்கீல் இல்லை, ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். பொதுவாக, பாலிசி எடுத்த 12 மாதத்துக்குள் தற்கொலை என்றால் கட்டிய பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம்தான் திரும்பக் கிடைக்கும், முழுத் தொகை கிடைக்காது. அவர்கள் இழுப்பது அதனால்தான். டாக்டரின் இறுதிக் கருத்து வருவதற்கு முன் அவர்கள் நீட்டுகிற எந்தக் காகிதத்திலும், குறிப்பாக "மாத்திரை அதிகமாகச் சாப்பிட்டு" என்று தொடங்குகிற எதிலும், அம்மாவிடம் கையெழுத்து வாங்க விடாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. ஊருக்குப் போய் அப்பாவின் அலமாரி, சட்டைப் பை, சாமி மாடம், ஃபிரிட்ஜ் மேல், எங்கெல்லாம் மாத்திரை வைப்பாரோ அங்கெல்லாம் தேடி, காலி அட்டைகளையும் மிச்சம் இருக்கிற அட்டைகளையும் எடுங்கள், போலீஸ் ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தால் அதன் பட்டியலைக் கேளுங்கள். எடுக்கும் முன் இருந்த இடத்திலேயே போட்டோ பிடித்து, கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்காரரிடம் கடைசி மூன்று மாத பில் நகல் வாங்கி, தூக்க மாத்திரையும் எரிச்சல் மாத்திரையும் எந்தத் தேதியில் எத்தனை வாங்கினார், இன்று எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். தினம் ஒன்று என்ற கணக்குச் சரியாக வந்தால், அது என்னுடைய இத்தனை பக்க விளக்கத்தையும்விட அதிகாரிக்குச் சீக்கிரம் புரியும். கணக்கு இடித்தாலும் மறைக்க வேண்டாம், அப்படியே கொடுங்கள். படர்தாமரை மாத்திரையின் அட்டை கிடைத்தால் பெயரையும், முதல்முறை வாங்கிய தேதியையும் எனக்கு எழுதுங்கள்.